மருந்துக்குப் பயந்த பூச்சி

ஐப்பசி மாசம் முத மழை விட்ட காலையில எங்க ஊர் ஆடுகளுக்கெல்லாம் வயிறு கண்ணாடியாப் போச்சு. முதுகுலயும் விலாவுலயும் எப்பவும் போல மயிரும் புள்ளியும்தான். அதுக்குக் கீழ, கழுவித் தொடச்ச விளக்குச் சிம்னி மாதிரி, உள்ள இருக்கிறது பூரா வெளிய தெரிஞ்சது. தின்ன புல்லு தெரிஞ்சது, குடிச்ச தண்ணி தெரிஞ்சது, வயித்துச் சுவத்தைக் கடிச்சுக்கிட்டு கொத்துக்கொத்தாத் தொங்கி ரத்தம் குடிக்கிற பூச்சியும் தெரிஞ்சது. ஊர்த்தலைவர் வெயிலுமுத்து அண்ணாச்சிதான் முதல்ல பாத்தது. பட்டிப் படலைத் திறந்தவர் கொஞ்ச நேரம் நின்னு பாத்தார், திரும்பப் படலைச் சாத்துனார், வீட்டுக்குள்ள போயி பெண்டாட்டிகிட்ட, "பழைய சாக்கு எத்தனை கெடக்கு?"ன்னு கேட்டார்.

எப்படி ஆச்சு, ஏன் ஆச்சுன்னு எங்க ஊர்ல ஒருத்தரும் கேக்கல. அடுத்தவன் ஆட்டுல பூச்சி எம்புட்டுன்னு எட்டிப் பாக்கவும், தன் ஆட்டை எவனும் எட்டிப் பாக்காம மறைக்கவுமே அன்னைக்குப் பொழுது பத்தல. என் மந்தைக்கு நோயே அண்டாதுன்னு டீக்கடையில கால்மேல கால் போட்டுப் பேசுனவுக எல்லாம் வாயைப் பொத்திக்கிட்டாக. பொண்ணு பாக்க வந்தவுக, வீட்டுக்குள்ள நுழையுறதுக்கு முந்தித் தொழுவத்துப் பக்கமா ஒரு நடை போயிட்டுத்தான் வந்தாக. குழாயடிச் சண்டையில, "உன் ஆட்டு வயித்தப் போயிப் பாருடி"ங்கிற பேச்சு புதுசாச் சேந்துக்கிடுச்சு. ஆடு பிடிக்க வந்த யாவாரிமார் பல்லைப் பாக்கிற வழக்கத்தையே விட்டுட்டாக.

இதுல எனக்குத்தான் யோகம். நான் பூரணக்கனி, கோயில் முக்குல தையல் மிசின் போட்டிருக்கேன். ஜாக்கெட் தைக்கக் குடுத்த பொம்பளைகளெல்லாம் அதை அப்படியே வச்சுட்டு, முதல்ல ஆட்டுக்கு ஒரு உறை தச்சுக் குடு மயினின்னு வந்து நின்னாக. பழைய சேலை, கிழிஞ்ச கைலி, கலியாணத்துக்குக் கட்டுன பிளக்ஸ், எதைக் கொண்டாந்தாலும் வெட்டி, வயித்தைச் சுத்தி மூடி, முதுகுல முடிச்சுப் போடுற மாதிரி தச்சேன். ஒரு வாரத்துல எங்க ஊர்ல அம்மணமா ஒரு ஆடு கெடையாது. மாப்பிள்ளையும் பொண்ணும் சிரிக்கிற படத்தை வயித்துல கட்டிக்கிட்டு ஒரு கிடா தெருவுல போச்சு, யாரும் திரும்பிப் பாக்கல. மூடுனாப் போதும்னு இருந்துட்டாக. உள்ள இருக்கிற பூச்சிக்கு மூடுனா என்ன, திறந்தா என்ன, அது பாட்டுக்குக் குடிச்சுக்கிட்டு இருந்தது.

எங்க வீட்டுல இது சிரிக்கிற சமாச்சாரமா இல்ல. போன வருச மழையில எங்க மந்தை பூராவும் போச்சு. தாடைக்குக் கீழ நீர் கோத்துத் தொங்கும், நடக்கையில பின்தங்கும், சாயங்காலம் படுத்த ஆடு காலையில எந்திரிக்காது. கடைசி ஆட்டையும் குழிக்குள்ள இறக்குன அன்னைக்கு எங்க வீட்டுக்காரர் கொம்பையா வீடு திரும்பல. தேடிப்போனா, கைப்பிடிச்சுவர் இடிஞ்ச மொட்டைக் கிணத்து விளிம்புல, ரெண்டு காலையும் உள்ள தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கார். நான் கூப்பிடல, அழவும் இல்ல. பக்கத்துல போயி நானும் காலைத் தொங்கப் போட்டு உக்காந்துட்டேன். ரொம்ப நேரங்கழிச்சு, "ஏளா, நீ வழுக்கி விழுந்திராத"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்தார். அதுக்கப்புறம் என்கிட்ட இருந்த ரெண்டு மிசின்ல மோட்டார் மிசினை வித்துட்டு, சாத்தூர்ப் பக்கம், ஆயுசுல ஒரு மருந்து பாட்டிலைக் கையில தொட்டறியாத ஒரு மேய்ப்பன்கிட்ட இருந்து புது மந்தை ஓட்டிட்டு வந்தோம். இதுவும் போச்சுன்னா ஆட்டோட நிக்காது, அந்த மனுசனும் போயிருவார். அது எனக்கு நல்லாத் தெரியும். அதனால வயிறு கண்ணாடியான நாள்லருந்து நான் ஆட்டைப் பாக்கல, அவரைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்.

வருசா வருசம் மழை தொடங்குன கையோட கால்நடை ஆஸ்பத்திரியில இருந்து ஜெபராணி டாக்டரம்மா ஸ்கூட்டர்ல வருவாக. படம் போட்ட தட்டியை மாட்டிவச்சு, பூச்சி எப்படிப் புழுக்கையில முட்டையா விழுது, எப்படிப் பனிப்புல்லு நுனியில ஏறி உக்காந்துக்கிடுது, ஆடு எப்படி அதை மேயுதுன்னு தொண்டை கட்டச் சொல்லுவாக. எங்க ஆளுக வடையைத் தின்னுட்டு, டீயைக் குடிச்சுட்டு, தலையை ஆட்டிட்டு வந்துருவாக. இந்தத் தடவை வந்தவுக, சேலை கட்டின ஆடுகளைப் பாத்ததும் வண்டியை நிறுத்திட்டு வாய்விட்டுச் சிரிச்சாக. அப்புறம் தட்டியை வண்டியிலேயே கட்டி வச்சுட்டு, "எல்லாரும் உறையைக் கழட்டுங்க, இனிமே எனக்குப் படம் எதுக்கு"ன்னாக.

பஞ்சாயத்து ஆபீஸ் வாசல்ல ஊரே கூடிருச்சு. வெயிலுமுத்து அண்ணாச்சியோட பெட்டை ஆடு ஒண்ணைத் தொங்குதராசுல தூக்கி எடை பாத்து, அந்த எடைக்கு உள்ள மருந்தை டாக்டரம்மா அதும் வாயில ஊத்துனாக. எங்க மந்தையில சோர்ந்து நின்ன ஒண்ணுக்கும் அதே கணக்குல ஊத்துனாக. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல கட்டி வச்சுட்டு, நாளைக்கு வாரேன், அவுத்துராதீகன்னு சொல்லிட்டுப் போயிட்டாக. மறுநாள் பாத்தா எங்க ஆட்டு வயித்துல பூச்சியெல்லாம் பிடி விட்டு, செவப்பு நூலும் வெள்ளை நூலும் முறுக்கி அத்து விழுந்தாப்புலக் கெடக்கு. அண்ணாச்சி ஆட்டுல ஏதோ நாலஞ்சு விழுந்திருக்கு, மத்ததெல்லாம் நேத்துக் குடிச்ச இடத்துலயே தொங்கிக் குடிச்சுக்கிட்டிருக்கு.

"மருந்துல கலப்படம்"னார் அண்ணாச்சி.

"ஒரே பாட்டில்தான் அண்ணாச்சி, நீங்க பாக்கத்தானே ஊத்துனேன்"னாக டாக்டரம்மா. "காளியம்மன் பொங்கல் முடிஞ்ச மறுநா நீங்க என்ன பண்றீங்கன்னு நெனச்சுப் பாருங்க."

என்ன பண்ணுவோம், காலங்காலமாப் பண்றதுதான். மழை தொடங்குனதும் கம்மாக்கரைத் தரிசைப் பூட்டிப் போடுவாக, கார்த்திகையில வர்ற அம்மன் பொங்கல் வரைக்கும் ஒரு ஆடு அதுல வாய் வைக்கக் கூடாது. பொங்கலுக்கு மறுநா காலையில எல்லா மந்தைக்கும் மருந்து ஊத்தணும். கிடாய்க்கும் ஒரு மூடி, குட்டிக்கும் ஒரு மூடி, பத்தலைன்னா அரை மூடி. ஒரு ஆடு விடுபடக் கூடாது, விடுபட்டா அம்மனுக்கு ஆகாது. ஊத்துன கையோட மேளம் அடிச்சு, தலைவர் மந்தை முன்னால போக, மத்த மந்தை பின்னால போக, முழங்கால் உயரப் புதுப் புல்லுல ஓட்டி விட்டுருவோம்.

"அரை மருந்துக்குச் செத்தது நோஞ்சான் பூச்சி. சாகாதது இருக்கு பாருங்க, அதை மட்டும் சுமந்துக்கிட்டுப் போயி ஒரு பூச்சி இல்லாத சுத்தமான புல்லுல விதைச்சிருக்கீங்க, வருசா வருசம். இப்ப உங்க தரிசுல மருந்துக்குப் பயப்படாத பூச்சியைத் தவிர வேற பூச்சி இல்ல"ன்னாக டாக்டரம்மா. அப்புறம் ஒரு ஆட்டைப் பிடிச்சு, பெருவிரலால கீழ் இமையை இறக்கிக் காட்டுனாக. "வயித்தைப் பாக்காதீங்க. இதைப் பாருங்க. இமைக்குள்ள செவப்பா இருந்தா அந்த ஆடு பூச்சியைத் தாங்கிக்கிடும், விட்டுருங்க. வெளுத்திருந்தா எடை பாத்து முழு மருந்து ஊத்துங்க. மருந்துக்குச் சாகுற பூச்சியும் கொஞ்சம் உசுரோட இருக்கட்டும், அது இருந்தாத்தான் மருந்து மருந்தா இருக்கும்."

அண்ணாச்சி மேல்துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு எந்திரிச்சார். "கண்ணுக்கு முன்னால ரத்தம் குடிக்கிறதைப் பாத்துக்கிட்டு இருக்கட்டும்னு சொல்றீங்களே. உங்க வீட்டுப் பிள்ளை தலையில பேன் இருந்தா, பாதியை எடுத்துட்டுப் பாதியை விட்டுருவீங்களா டாக்டரம்மா?"

ஊரே சிரிச்சது. அந்தம்மா மருந்துப் பாட்டிலைப் பையில வச்சுக் கட்டிட்டாக. தட்டியில படமாப் போட்டப்பவாச்சும் எங்க ஆளுக தலையை ஆட்டுனாக. கண்ணால பாத்த பிறகு கை சும்மா இருக்க மாட்டேங்குது, என்ன செய்ய. போகையில டாக்டரம்மா எங்க வீட்டு வாசல்ல வண்டியை நிறுத்தி, "உங்க ஆட்டுப் பூச்சி இன்னும் மருந்துக்குப் பயப்படுதுக்கா, அதைக் கெடுத்துராதீங்க"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போனாக.

அன்னைக்குச் சாயங்காலமே ஊர்க்கூட்டம் போட்டு முடிவு பண்ணிட்டாக. பொங்கலுக்கு மறுநா எல்லா ஆட்டுக்கும் மருந்து ஊத்தணும், இந்தத் தடவை ரெண்டு மூடி. ஊத்தாத மந்தை தரிசுல கால் வைக்கக் கூடாது, மந்தைக்காரன் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஊர் வராது. அண்ணாச்சி இதைச் சொல்லும்போது எங்க வீட்டுக்காரரைத்தான் பாத்தார். எங்க வீட்டுக்காரர் தரையைப் பாத்தார்.

அந்த நாளும் வந்தது. தெருவெல்லாம் ஆடு செருமுற சத்தமும் மருந்து வாடையுமா இருந்தது. நான் விடியறதுக்குள்ள எங்க ஆடுகளுக்கு வயித்தைச் சுத்தி ரெட்டைத் துணி கட்டி, முதுகுல முடிச்சுப் போடாம, ஊசி எடுத்துச் சேத்தே தச்சுட்டேன். ஊருக்குப் பயந்து தைக்கல, அவருக்குப் பயந்து தச்சேன். அந்த வயித்தைப் பாத்தார்னா அவர் கையை என்னால பிடிக்க முடியாது. பாட்டிலோட வந்தவர் துணியைத் தடவிப் பாத்துட்டு, "அவுத்து விடு"ன்னார்.

"அவுக்க மாட்டேன். இமையைப் பாருங்க."

"ஊர் என்னளா சொல்லும்?"

"ஊரா வந்து கிணத்துல உங்க பக்கத்துல உக்காந்தது?"

அவர் பாட்டிலை இடுப்புல சொருகிக்கிட்டார். ஒவ்வொரு ஆடாப் பிடிச்சு இமையை இறக்கினோம். மூணு வெளுத்திருந்தது, மூணுக்கும் தூக்கி எடை பாத்து ஊத்துனோம். கடைசியா புள்ளிக்காரி வந்தா. மந்தையிலயே அவருக்கு உசுரு அவதான், சினையா இருந்தா. அவ வயித்துல குட்டி தலையை முழங்கால் மேல வச்சுத் தூங்குறதையும், ஒரு சாண் தள்ளிப் பூச்சிக் கொத்து அசையறதையும் முந்துன வாரமே பாத்து வச்சிருந்தார், துணி போட்டு மூடி என்ன, அது அவர் கண்ணுக்குள்ள போயி உக்காந்துருச்சு. இமை நல்ல செவப்பு. இருந்தும் வாயைத் திறந்து பாட்டிலைக் கொண்டு போயிட்டார். நான் அவ வாய் மேல என் கையை வச்சேன்.

"எடுளா கையை."

"ஊத்துனா என் கை மேல ஊத்துங்க."

தெருவுல மேளம் கெளம்பிருச்சு, மந்தை மந்தையா எங்க வாசலைத் தாண்டிப் போகுது, போறவுக எல்லாரும் உள்ள பாத்துக்கிட்டே போறாக. மேளச் சத்தம் கம்மாக்கரைக்குப் போயி ஓயிற வரைக்கும் நாங்க அப்படியே நின்னோம். அதுக்கப்புறம் பாட்டிலை மூடிக் கீழ வச்சார். அடுத்த ஏழெட்டு நாளைக்கு அவர் என்கூடப் பேசல.

தரிசு இல்லைன்னு ஆச்சு. ஊருக்கு மேக்க உடைமுள்ளு மரமா மண்டிக் கெடக்கிற உடங்காடுதான் கெதி. பனி காஞ்சு, வெயில் நல்லா ஏறுன பிறகு ஓட்டிப் போவார். முள்ளுக்கு மேல தலையைத் தூக்கிக் குழையும் நெத்தும் தின்னுக்கிட்டு ஆடுக ஒட்டுன வயித்தோட வரும். கீழ தரிசுல ஊர் ஆடுகளுக்குப் புல்லு முழங்கால் தட்டுது. மழை விடாம அடிச்சது. பாதிச் சோத்துல எந்திரிச்சுருவார். துணித் தையலை யாரோ பிரிச்சுப் பாத்துட்டுத் திரும்ப முடிஞ்சு வச்ச அடையாளம் தெரியும், நான் ஒண்ணும் கேக்காம மறுபடி தச்சு வைப்பேன். திங்கக்கிழமை திங்கக்கிழமை இமை பாப்போம். அவர் இறக்குவார், நான் செவப்புன்னு சொல்லணும். சொல்ற வரைக்கும் மூச்சு விடமாட்டார். நான் சொல்றது சரிதானான்னு எனக்கே ராத்திரியெல்லாம் அடிச்சுக்கிடும். தப்பாப் போச்சுன்னா ஆட்டைக் கொன்னது பூச்சியில்ல, நான்.

மார்கழி பொறந்து ஒருநாள் மத்தியானம் மந்தை மட்டும் தானா வீடு வந்தது. அவரைக் காணோம். கையில இருந்த துணியைப் போட்டுட்டு ஓடுனேன் பாருங்க, சேறுன்னு பாக்கல, முள்ளுன்னு பாக்கல, நேரா மொட்டைக் கிணத்துக்கு. கிணத்துல ஒருத்தரும் இல்ல. எட்டிப் பாத்தேன், தண்ணி அசையாமக் கெடந்தது. அதைப் பாத்த பிறகுதான் அந்த விளிம்புலயே உக்காந்தேன். அப்ப உடங்காட்டுப் பக்கம் இருமல் கேட்டது. புள்ளிக்காரி நடக்க மாட்டாமப் படுத்திருக்கா, அவர் அவ தலையை மடியில வச்சுக்கிட்டு இமையை இறக்கிப் பிடிச்சபடியே இருக்கார்.

"வெளுத்துப் போச்சு பூரணம். வெள்ளைத் துணியா இருக்கு. அன்னைக்கே ஊத்தியிருந்தா"ன்னார். அவ தலையைக் கட்டிக்கிட்டு அழுதார்.

எனக்கும் அதே நெனப்புதான். ஆனா வாய் மட்டும், "இப்பத்தான் ஊத்தணும், தூக்குங்க"ன்னு சொன்னது. தோள்ல போட்டுக்கிட்டு வந்தார். எடை பாத்தோம், குட்டியோட சேத்து முழு எடை, முழு மருந்து. நானே கத்திரியை எடுத்துத் துணியை வெட்டி எறிஞ்சேன். இனி பாக்கட்டும்னு ரெண்டு பேரும் அந்த வயித்துக்கு முன்னால உக்காந்தோம். மருந்து இறங்குறது தெரிஞ்சது. பூச்சி அசையுது, அசையுது, விடமாட்டேங்குது. அடுப்புப் பத்த வைக்கல, விளக்குப் போடல. நான் எந்தச் சாமியைக் கூப்பிட்டேன்னு எனக்கே ஞாபகமில்ல. பொழுது விடியுற நேரம் ஒரு பூச்சி பிடி விட்டது. அப்புறம் இன்னொண்ணு. வெயில் ஏறையில கொத்துக்கொத்தா விழுந்தது. குட்டி தலையைத் தூக்கித் திரும்பிப் படுத்துச்சு. அவர் என் கையைப் பிடிச்சு அழுத்துனார். ஒரு வாரத்துல புள்ளிக்காரி எந்திரிச்சு மேய்ச்சலுக்கு நடந்தா.

அதே மார்கழியிலதான் ஊர் மந்தைகள் விழ ஆரம்பிச்சது. நான் தச்ச உறையெல்லாம் ஆடு இளைச்சு இளைச்சுத் தானாக் கழண்டு தெருவுல கெடந்தது. மூணு மூடி ஊத்துனாக, நாலு மூடி ஊத்துனாக, டவுன்ல போயி வேற பேர்ல பாட்டில் வாங்கிட்டு வந்து ஊத்துனாக. மருந்துத் தண்ணிக்குள்ள பூச்சி குளிச்சுக்கிட்டு நின்னதை எல்லாரும் கண்ணால பாத்தாக. மாட்டுவண்டியில ஏத்தி ஏத்திக் கொண்டு போயிப் புதைச்சாக. அழுகைச் சத்தம் கேக்காத வீடு கெடையாது. பழிச்சுட்டுப் போனவுகதான், இருந்தாலும் அந்த வண்டிச் சத்தம் கேட்டா நான் மிசினை நிறுத்திருவேன். சாவு ஓஞ்ச அன்னைக்குக் காலையில மிச்சம் இருந்த ஆடுகளுக்கு வயிறு பழையபடி தோலும் மயிருமா மூடிருச்சு. அதையும் ஏன்னு ஒருத்தரும் கேக்கல.

தை பொறந்து, புள்ளிக்காரி குட்டி போட்டுக் கொஞ்ச நாள் இருக்கும். உச்சி வெயில்ல வெயிலுமுத்து அண்ணாச்சி எங்க வாசல்ல வந்து நின்னார். தோள்ல துண்டு இல்ல. தாடி மண்டிக் கெடக்கு. அன்னைக்கு எங்க வாசலைத் தாண்டிப் போன மேளச் சத்தம் எனக்குக் காதுல கேட்டது, கையில துடைப்பம் இருந்தது, நல்லாக் கேட்டுரணும்னுதான் எந்திரிச்சேன்.

"தாயி, கொம்பையா இருக்கானா"ன்னார். எங்க வீட்டுக்காரர் வெளிய வந்தார். அண்ணாச்சி அவரைப் பாக்காம, கூரையைப் பாத்துக்கிட்டே பேசுனார்.

"டாக்டரம்மாகிட்டப் போயிருந்தேன். இந்தக் கோடை வெயில்ல தரிசு நல்லாக் காயட்டும்னாக. அதுல இருக்கிற பூச்சி செத்துருமாம். அடுத்த மழைக்கு எங்க மந்தை எதுவும் முதல்ல இறங்கக் கூடாதாம். உன் மந்தை இறங்கி மேஞ்சு புழுக்கை போடணுமாம். உன் ஆட்டுல இருக்கிற பூச்சி அந்தப் புல்லுல ஏறுன பிறகுதான் எங்க மிச்ச ஆடு வரணுமாம்." தோள்ல இல்லாத துண்டைத் தேடித் தடவிக்கிட்டார். "மருந்துக்குப் பயப்படுற பூச்சி இந்த ஊர்ல உன்கிட்ட மட்டுந்தான் இருக்காம். முன்னால போற மரியாதை இனி உனக்குத்தான். பூச்சி குடு கொம்பையா."

நானா இருந்தா அந்த இடத்துலயே விரட்டியிருப்பேன். என் மந்தை எதுக்கு அந்தத் தரிசுல இறங்கணும், ஒரு பொல்லாத பூச்சி வெயிலுக்குத் தப்பியிருந்தா என் வீடு மறுபடி கிணத்துலதானே போயி நிக்கும். வேண்டாம்னு சொல்லுங்கன்னு அவர் முதுகையே பாத்துக்கிட்டு நின்னேன்.

அவர் வாசப்படியை விட்டு இறங்கி அண்ணாச்சிக்குப் பக்கவாட்டுல போனார். குனிஞ்சு அண்ணாச்சி வேட்டியைப் பாத்தார். பின்பக்கம் பூராவும் செம்மண்ணும் செங்கல் பொடியும் அப்பியிருந்தது, கணுக்கால்ல பாசி ஒட்டியிருந்தது. எங்க ஊர்ல அந்தப் பாசி ஒரே ஒரு இடத்துலதான் உண்டு. காலை உள்ள தொங்கப் போட்டு உக்காந்தாத்தான் அது கணுக்கால்ல ஒட்டும்.

அவர் ஒரு எட்டு முன்னால போயி, இடது கையால அண்ணாச்சி தாடையைப் பிடிச்சு, வலது பெருவிரலால கீழ் இமையை மெதுவா இறக்கினார். அம்புட்டுப் பெரிய மனுசன் கையைத் தட்டி விடாம, தலையை நிமித்திக் குடுத்துக்கிட்டு நின்னார். எங்க வீட்டுக்காரர் ஒரு கண்ணைப் பாத்தார், அடுத்த கண்ணையும் பாத்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "ரொம்ப வெளுத்திருக்கு பூரணம். சோத்தை எடுத்து வை"ன்னார்.

துடைப்பத்தைப் போட்டுட்டு உள்ள போனேன்.